வரப்பு, கரை, அணை

நடவுக்கு முன் மண்வெட்டியோடு வயலில் இறங்குபவர் முதலில் அண்டை வெட்டுவார். வரப்பின் பக்கத்தைச் சீவி, புல்லையும் நண்டு வளை, எலி வளையையும் அழித்து, சேற்றை வாரி அப்பி மெழுகுவார். வரப்பு முழங்கால் உயரம்கூட இராது. விரற்கடை அளவில் தண்ணீரை நிறுத்துவதும், நடக்க வழியாவதும் அதன் வேலை. தண்ணீர் மிஞ்சினால் ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும், வடிந்துவிடும்.

ஏரிக்கரையை அப்படி வெட்ட முடியாது. அதுவும் மண்தான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் நீரை மாதக்கணக்கில் தாங்குகிறது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும். அதனால்தான் கரையின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்கிறது. அலை அரிக்காதபடி உட்சரிவில் கல் பதிப்பார்கள். கரைக்குள் நீர் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். வெளிச்சரிவு நன்றாகப் படுத்திருந்தால் அந்தக் கசிவு மண்ணைப் பெயர்க்காது.

கரை அஞ்சவேண்டியது, தன் தலைக்கு மேல் நீர் வழிவதை. வழியும் நீர் மண்ணை அறுக்கும். அறுத்த பள்ளத்தில் இன்னும் நீர் பாயும். சில மணி நேரத்தில் உடைப்பு. இதைத் தடுக்கத்தான் கலிங்கு. கரையின் தலையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய வழிவாய் அது. நம் ஏரிகளின் பொறியியலில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்தத் தாழ்ந்த கல் வரிசைதான்.

அணை வேறு. கரை நீரின் ஓரத்தில் ஓடும். அணை ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். காவிரியில் சோழர் காலத்துக் கல்லணை, வெள்ளம் மேலேறி வழிந்தாலும் நிலைக்கும்படி கல்லால் எழுந்தது. மதகுகள் பிற்காலத்தில் சேர்ந்தவை. அதன் அமைப்பை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைத் தொடங்கினார். 1847இல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கினார். நீர் மேலே வழியும் இத்தகைய கட்டுமானத்துக்கு ஆங்கிலேயப் பொறியாளர்கள் நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்: அணைக்கட்டு அவர்கள் வாயில் ‘அனிகட்’ ஆகி, ஆங்கில அகராதியிலும் ஏறியது.

நீர் மேலே போனால் கரை அழியும், அணைக்கட்டு நிற்கும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்த வேறுபாடே மறைந்துவிடும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஏரிக்குப் போகும்போது கலிங்கு எங்கே என்று தேடுங்கள். அதன் வழி அடைபட்டிருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே ஊராட்சியில் சொல்லுங்கள்.