ஒரு ஹிட் ரெக்கார்டு பிறந்த கதை

நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாண வீடு என்றால் முதல் நாளே மைக் செட் கட்டிவிடுவார்கள். சி.டி.யும் பென் டிரைவும் வருவதற்கு முன்னால், ஏன், கேசட்டுக்கும் முன்னால், அந்தக் குழாயில் வந்த பாட்டெல்லாம் கறுப்பு இசைத்தட்டில்தான் சுழன்றது. ஆயிரம் தட்டு வந்தாலும் சிலதுதான் ஊரையே பிடித்து ஆட்டியது. அது எப்படி? இரண்டு ஊர்க் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1954 ஜூலை 5. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 'சன்' என்று ஒரு சின்ன ஸ்டூடியோ. பாட வந்தவர் எல்விஸ் பிரெஸ்லி, வயது 19. ஒரு எலக்ட்ரிக் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையன். (எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!) கூட இரண்டே பேர்: கிட்டார் ஸ்காட்டி மூர், பேஸ் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. மெதுவான பாட்டாகப் பாடிப் பார்த்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக, ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகரின் பழைய பாட்டு ஒன்றை வேகமாகப் பாடிக் குதிக்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டூடியோ முதலாளி சாம் பிலிப்ஸ் என்ன நடக்குது என்று விசாரித்துவிட்டு, முதலில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லி டேப்பை ஓடவிட்டார். அதுதான் 'தட்ஸ் ஆல் ரைட்'. சில நாளில் உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் ஒரே ராத்திரியில் அதைத் திரும்பத் திரும்பப் போட, மெம்பிஸ் முழுக்க அதே பேச்சு.

சன் ரெக்கார்டுகளில் குரல் லேசாக இரட்டித்துக் கேட்கும். அதன் சூட்சுமம் நமக்குப் புரியக்கூடியதுதான். டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் ஹெட் ஒன்று, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் படிக்கும் ஹெட் ஒன்று. நடுவே 2 அங்குலம், டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டைப் பதினைந்தால் வகுங்கள்: சுமார் 0.13 நொடி தாமதம். அந்தத் தாமதமான ஒலியை அசல் குரலோடு கலந்தால் எதிரொலி ரெடி! இரண்டு டேப் மிஷினை வைத்து சாம் பிலிப்ஸ் இதைச் செய்தார். பெரிய ஹாலில் பாடுவது போன்ற பிரமை, சின்ன அறையிலேயே.

இனி நம்ம பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு வடக்கே வருசநாட்டு மலையையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பண்ணைப்புரம். (இந்த மலைத்தொடர்தான் 2021-ல் புலிகள் காப்பகம் ஆனது.) அந்த ஊர் ராசையா, அண்ணன் பாவலர் வரதராசனோடு தென் மாவட்ட மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சொந்தமாக இசையமைக்க வாய்ப்பு மட்டும் வரவில்லை. கதாசிரியர் ஆர்.செல்வராஜ்தான் அவரைப் பஞ்சு அருணாசலத்திடம் கூட்டிப்போனார். கையில் வாத்தியம் இல்லை. மேஜையில் தாளம் போட்டே பாடிக் காட்டினார். பஞ்சு அருணாசலம் பிடித்துக்கொண்டார்! ஏ.எம்.ராஜா ஏற்கெனவே இருந்ததால், ராஜாவுக்கு முன்னால் 'இளைய' சேர்ந்தது.

ஏவி.எம். ஸ்டூடியோவில் முதல் ஒலிப்பதிவு. பூஜை முடிந்து, எல்லாரும் தயாராகி, ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் கரண்ட் கட்! சகுனம் பார்க்கிற உலகம் அது. முதல் படத்திலேயே ராசியில்லாதவன் என்று பெயர் வாங்கினால் அடுத்த படம் யார் கொடுப்பார்கள்? அந்தச் சில நிமிஷம் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அன்றைய முறையையும் சொல்லவேண்டும். இப்போது போல் தனித்தனியாகப் பாடி ஒட்டுகிற வேலை கிடையாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினாலும் திரும்ப முதலில் இருந்துதான். ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் யார் எங்கே எதை வாசிக்கவேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதித் தருவார் இளையராஜா. மெம்பிஸில் தாளே இல்லாமல் தற்செயலாய்ப் பிறந்தது. இங்கே தாளில் கணக்காய் எழுதிப் பிறந்தது. கிராமத்து மெட்டை மெருகு போட்டு அழிக்காமல் விட்டது இரண்டிலும் ஒன்றுதான் என்பது என் கட்சி.

1976 மே 14-ல் 'அன்னக்கிளி' வெளியானது. கறுப்பு வெள்ளைப் படம். எஸ்.ஜானகியின் குரல் டீக்கடை ரேடியோவிலும் மைக் செட் குழாயிலும் ஒலிக்காத ஊரில்லை. அதுவரை இந்திப் பாட்டை முணுமுணுத்துத் திரிந்த இளவட்டம் தமிழ்ப் பாட்டுக்குத் திரும்பியது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்விஸ் பாடிய அந்தப் பாட்டை 1946-லேயே பதிவு செய்த ஆர்தர் குருடப், தனக்குச் சேரவேண்டிய ராயல்டிக்காகப் பல வருஷம் போராடினார். கூலி வேலை செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். முழுப் பணமும் கைக்கு வராமலே 1974-ல் இறந்துபோனார். நம்ம ஊர்த் தட்டுகளிலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர். ஒரே மூச்சில் வாசித்தார்களே, அந்த வாத்தியக்காரர்கள் பெயரைக் காண்பது அபூர்வம்.