ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு



மருத்துவக் கல்விச் சட்டம் மாறும்போதெல்லாம் அதன் சுமையை முதலில் உணர்பவர்கள் மாணவர்களே. 2007-இல் தமிழகம் சட்டம் இயற்றி நுழைவுத்தேர்வை நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமாயிற்று. விலக்குக் கேட்டு 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. எனவே "ஃபாதர், நீட் இருக்குமா, போகுமா?" என்பதே பிள்ளைகளின் முதல் கேள்வி.

ஆனால் அவர்கள் அதிகம் கேட்காத சட்டம் ஒன்று உண்டு. நீதியரசர் கலையரசன் ஆணையப் பரிந்துரையைத் தொடர்ந்து, நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் இடங்கள் 150. அகில இந்திய ஒதுக்கீடு 15 விழுக்காடு போக, மீதியில் ஒன்பது அல்லது பத்து இடங்கள் இப்பிள்ளைகளுக்கு உரியவை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதியுடையோர்.) கல்வராயன் மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இக்கணக்கில் சேரும். நல்ல படிப்பு கிடைக்கட்டும் என்று பெற்றோர் பாசத்தோடு சமவெளிக்கு அனுப்பிச் சேர்க்கும் அரசு உதவிபெறும் பள்ளி சேராது; அது நமது மறைமாவட்டப் பள்ளியாய் இருந்தாலும் சேராது. பழங்குடியினருக்கான 1 விழுக்காடு இடஒதுக்கீடு மட்டும் எங்கே படித்தாலும் உண்டு.

"நாங்களும் ஏழைகள்தானே, ஃபாதர்?" என்று உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் கேட்பது நியாயமே. இச்சலுகையை அவர்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டம் வறுமையைப் பார்க்கவில்லை. பள்ளியின் வகையைப் பார்க்கிறது.

ஆகவே, பதினோரு வயதில் பெற்றோர் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் ஒரு கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. அவர்கள் எதைத் தேர்ந்தாலும் அறிந்து தேரட்டும். நம் பள்ளியில் ஒரு சேர்க்கை குறைந்தாலும் பரவாயில்லை, சூன் மாதத்திற்கு முன்பே இதை வீடுதோறும் எடுத்துச் சொல்வோம். மலையின் பேச்சும் பாதையும் அறிந்த மருத்துவர் அந்த மலையிலிருந்தே வரட்டும்!