பழங்கடையில் அகப்பட்ட அரும்பொருள்

பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றிலே, பயன்தீர்ந்த விளையாட்டுப் பொருட்களின் நடுவே, சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் பேழையொன்று கிடக்கின்றது. தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுப் பொறியிற் செருகப்படும் இதனைக் கசெற் என்று பலரும் வழங்குவர். விலையோ 8 டொலர். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திற் பெண்மணி ஒருவர் இவ்வாறு வாங்கிய கசெற், பின்னர் ஏறக்குறைய 25,000 டொலருக்கு விலைபோயிற்று. அதன் முகப்புச் சீட்டிலே 'ஸ்ரேடியம் ஈவென்ற்ஸ்' என்ற பெயர் இருந்தது.

ஒரு சாதாரண விளையாட்டு இத்துணை அருமை பெற்றது எங்ஙனம்? தரையில் விரித்த பாயின்மீது ஒருவர் ஓட, திரையிலுள்ள வீரனும் ஓடுவான். பாய்ந்தால் அவனும் பாய்வான். ஓட்டம், தடைதாண்டல், நீளம் பாய்தல் முதலிய போட்டிகள் இதில் அடங்கும். ஜப்பானிய நிறுவனமாகிய பண்டாய் 1987இல் இதனை அமெரிக்காவில் வெளியிட்டது. மறு ஆண்டிலேயே நின்டெண்டோ நிறுவனம் அப்பாயின் உரிமையைப் பெற்று, அதற்குப் 'பவர் பாட்' எனவும், விளையாட்டுக்கு 'வேர்ல்ட் கிளாஸ் ட்ராக் மீற்' எனவும் புதுப்பெயர் சூட்டியது. பழைய பெயருடைய கசெற்கள் கடைகளினின்றும் மறைந்தன. புதுப்பெயருடையவையோ எங்கும் மலிந்தன.

மோசடிக்கு வழி திறப்பதும் இதுவே. மலிவான கசெற்றின் சீட்டை உரித்துவிட்டு அரிய பெயர் பொறித்த போலிச் சீட்டை ஒட்டுவது கடினமன்று. ஆயினும் பொறியிற் செருகியவுடன் திரையிலே தோன்றும் பெயர் பொய்யை வெளிப்படுத்திவிடும். உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு சீட்டை நோக்கினால், அச்சுக்கூடத்தில் அடித்த சீட்டிலே நிறப்புள்ளிகள் ஒழுங்காய் அமைந்திருத்தலையும், வீட்டு அச்சுப்பொறியிற் செய்ததிலே மை சிதறியிருத்தலையும் காணலாம்.

அடுத்து அறியவேண்டியது நாடு. இதே பெயருடன் ஐரோப்பாவிலும் இவ்விளையாட்டு விற்கப்பட்டது. அது அவ்வளவு அரிதன்று. கசெற்றினுள்ளே பூட்டுப்போன்ற சில்லு ஒன்றுண்டு. பொறியிலுள்ள துணைச் சில்லுடன் அது ஒத்துப்போனாலன்றி விளையாட்டுத் தொடங்காது. ஐரோப்பியக் கசெற்றை அமெரிக்கப் பொறியிற் செருகினாற் படம் நிலைபெறாது மினுங்கிக்கொண்டேயிருக்கும்.

கைதேர்ந்த மோசக்காரர் உள்ளிருக்கும் சில்லையும் மாற்றிவிடுவர். அப்பொழுது அதற்குரிய திருப்புளியாற் பேழையைத் திறந்து பார்த்தலே வழி. தொழிற்சாலையிற் பதித்த சில்லு முழுவதும் மூடியிருக்கும். பிறர் எழுதிப் பொருத்தும் சில்லின் நடுவிலோ, புறவூதாக் கதிரால் அழிப்பதற்கான சிறு கண்ணாடிச் சாளரம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சாளரத்தைக் கண்டவுடன் போலியென்று எறிந்துவிடுதலும் தவறு. 1990ஆம் ஆண்டு நின்டெண்டோ உலகப் போட்டிக்கெனச் செய்யப்பட்ட 90 சாம்பல் நிறக் கசெற்களிலும், பரிசாக வழங்கிய 26 பொன்னிறக் கசெற்களிலும் இத்தகைய சில்லுகளே உள்ளன. அவற்றை அடையாளம் காட்டுவன, போட்டி நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முகப்பில் அமைத்த சிறு சொடுக்கிகள்.

கசெற்றினும் அரிது அதன் அட்டைப்பெட்டி. சிறுவர் கிழித்தெறிவது முதலில் அதனைத்தானே. 2010இல் வட கரோலினாவைச் சேர்ந்த வேறொரு பெண்மணி, பழைய பொறியையும் சில கசெற்களையும் ஒருங்கே ஏலத்திற்கு விட்டார். அவற்றுள் ஸ்ரேடியம் ஈவென்ற்ஸ் தன் பெட்டியுடன் இருந்தமையால், ஏலம் 13,105 டொலரில் முடிந்தது. அவ்வாண்டிலேயே உறை பிரியாத பிரதியொன்று 41,300 டொலருக்கு விற்கப்பட்டது. அதனைத் திறந்து சில்லைப் பார்க்க வழியில்லை; திறந்தால் மதிப்பும் போய்விடும். உறையின் மடிப்பையும் ஒட்டிய தடத்தையும் நோக்கியே வாங்குபவர் துணியவேண்டும்.