ஈந்தும் ஈஞ்சும்

தாம்பரத்தினின்று மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே கடற்கரைக்குச் செல்வோர், பனையூர், ஈஞ்சம்பாக்கம் என்னும் ஊர்களை அணித்தணித்தே காண்பர். பனையூர் என்னும் பெயர் யார்க்கும் விளங்கும். 2011 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த ஈஞ்சம்பாக்கத்தின் பெயரோ அங்ஙனம் எளிதில் விளங்குவதன்று. அதன் ஆங்கில எழுத்து வடிவில் முதலெழுத்தின் நெடில் மறைவதால், இஞ்சி விளைந்த ஊர்போலும் என்று அயலார் மயங்கவும் இடமுண்டு. பனையின் இனமாகிய ஈந்தே இப்பெயரில் உள்ளதென்பது எம் கருத்து.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடிசையைக் காட்டுகின்றார். ஈந்தின் இலையால் வேய்ந்த அக்கூரை முள்ளம்பன்றியின் முதுகை ஒத்திருந்ததாம். ஈந்தோலையின் கூர்நுனி கையில் தைக்கப்பெற்றவர்க்கே அவ்வுவமையின் நயம் முழுதும் புலனாகும்.

முடிந்தது என்பது பேச்சில் முடிஞ்சது என வருதல்போல, ஈகாரத்தை அடுத்த ந்து என்பது ஞ்சு என்றாகி, ஈந்து ஈஞ்சு ஆயிற்று. தொகையில் மெல்லொற்று வல்லொற்றாகத் திரியுமிடத்து முன்னது ஈத்திலை எனவும், பின்னது ஈச்சம்பாய் எனவும் வரும். அங்ஙனமாயின் ஊர்ப்பெயர் ஈச்சம்பாக்கம் என்று அமையாதது என்னை? விடை தொல்காப்பியத்தில் உளது. மரப்பெயர்க்கு அம்முச் சாரியை கூறிய ஆசிரியர், மெல்லொற்றுத் திரியாத மரப்பெயரும் உண்டென்கின்றார். உரைகாரர் காட்டும் குருந்தங்கோடு என்பதனோடு ஈஞ்சம்பாக்கத்தையும் வைத்து எண்ணலாம். வேம்பு திரிந்து வேப்பம்பட்டு என்றானது மற்றொரு நெறி. நூற்பாவிற்கு எடுத்துக்காட்டுத் தேடும் மாணவர் இவ்வூரின் பெயர்ப்பலகையை நோக்குவாராக.

ஈந்து என்பதை ஈதல் என்னும் வினையோடு பொருத்தி வள்ளன்மைக் கதை புனைதல் எளிது, ஆயின் பொருந்தாது. கன்னடத்து ஈசல், தெலுங்கின் ஈத, மலையாளத்து ஈந்த ஆகியவை இம்மரவினத்தையே குறித்தலின், இது திராவிட மொழிகட்குப் பொதுவாகிய தொல்பெயர் என்க.

ஆங்கிலத்தில் இவ்வினக் கனிக்கு வழங்கும் டேட் என்னும் சொல், விரல் எனப் பொருள்படும் டாக்டிலோஸ் என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. அச்சொல்லும் செமித்திய மொழிச் சொல்லொன்றின் திரிபாகலாம் என்பர். தமிழர் மேலைநாட்டுக் கனியைப் பெயரிட்டழைக்க அயற்சொல்லை நாடவில்லை. தம் நாட்டு ஈந்தினும் அது பெரிதாதல் கண்டு பேரீந்து என்றனர். அதுவே பின்னர்ப் பேரீச்சு ஆயிற்று.