நிற்கும் லொறியில் பற்றரி இறங்குகிறதா?

விடியற்காலை மூன்று மணிக்கு மரக்கறி லொறி இயங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. முதல்நாள் பிடுங்கிய கத்தரியும் வெண்டியும் சாக்கிலேயே வாடும். தம்புள்ளைச் சந்தைக்குப் பிந்திப் போனால் கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வன்னியில் மீளக்குடியமர்ந்த ஆறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய லொறி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தோம். தினமும் ஓடும்போது அதில் குறையில்லை. சனி, ஞாயிறு நின்றுவிட்டால் திங்கட்கிழமை தள்ளித்தான் இயக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் இரண்டு பற்றரி மாற்றியாயிற்று. மூன்றாவதற்குக் காசு சேர்க்கக் கூடிய கூட்டத்தில், சாரதியான இளைஞர் இரவில் லொறிக்குள் இருந்து பாட்டுக் கேட்பதால்தான் பற்றரி இறங்குகிறது என்று கதை எழுந்தது. அவர் திறப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

புதுப் பற்றரி வாங்குவதை ஒரு நாள் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அன்று செய்த சோதனையை எந்தக் குடும்பமும் தன் முற்றத்தில் செய்யலாம்.

சிறு கசிவு, பெரிய நட்டம்

1990களில் தடைக்காலத்தில் வடக்கில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாம். சிறிதளவு மின்னின் பெறுமதி எமக்குத் தெரியும். 70 அம்பியர் மணி கொண்ட பற்றரியிலிருந்து தொடர்ந்து ஒரு அம்பியர் கசிந்தால், ஒரு நாளில் 24, இரண்டு நாளில் 48 அம்பியர் மணி போய்விடும். மிகுதி டீசல் இயந்திரத்தைச் சுழற்றப் போதாது. தினமும் ஓடும் லொறியில் இக்கசிவு தெரியாது. நின்றால்தான் தெரியும்.

முதலில் பற்றரியைப் பாருங்கள்

முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, இறுக்கமாகப் பூட்டுங்கள். பற்றரித் தண்ணீரின் மட்டத்தைச் சரிபாருங்கள். நன்கு சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் 12 வோல்ற் பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதிதான் உள்ளது. இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் கசிவல்ல, சார்ஜ் ஏறாததே குறை. பெல்ற் தளர்ந்துள்ளதா என்றும் பாருங்கள்.

பின்பு முழுச் சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி, இரண்டு நாள் விடுங்கள். அப்போதும் இறங்கினால் பற்றரி பழுது. இறங்காவிட்டால் லொறிதான் மின்னைக் குடிக்கிறது.

குமிழ்ச் சோதனை

திறப்பை எடுத்து, எல்லா விளக்குகளையும் அணைத்து, கதவுகளைச் சாத்துங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் 5 வாற்றுக் குமிழ் ஒன்றை இணையுங்கள். 24 வோல்ற் லொறிக்கு 24 வோல்ற் குமிழே வேண்டும். குமிழ் எரிந்தால் எங்கோ கசிவு உண்டு.

மீற்றர் இருந்தால் அளவும் தெரியும். சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகி, குமிழ் இருந்த இடத்தில் மீற்றரை இணையுங்கள். மணிக்கூடு, றேடியோ உள்ள வண்டியில் 0.05 அம்பியர் வரை போவது வழமை. இவை இல்லாத பழைய லொறியில் அனேகமாகப் பூச்சியமாக இருக்க வேண்டும். மீற்றர் பூட்டியிருக்கும்போது ஒருபோதும் ஸ்ராட் பண்ணவேண்டாம். மீற்றர் எரிந்துவிடும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

ஒருவர் குமிழைப் பார்த்திருக்க, மற்றவர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். எதைக் கழற்றும்போது குமிழ் அணைகிறதோ அந்த வழியில்தான் குறை. பிரேக் விளக்குச் சுவிச் இறுகி நிற்கலாம். பின்னால் சாமான் ஏற்றப் பூட்டிய விளக்கின் வயர் உராய்ந்திருக்கலாம். மாரி மழையில் நனைந்த இணைப்பு பச்சை பூத்திருக்கலாம்.

நாம் பார்த்த லொறியில் எல்லாப் பியூஸ்களையும் கழற்றியும் குமிழ் எரிந்தபடியே இருந்தது. அப்படியானால் பியூஸ் வழியே போகாத வயர்களைத் தேட வேண்டும். ஓல்டனேற்றரைத் தொட்டுப் பார்த்தோம். முதல்நாள் தொடக்கம் ஓடாத வண்டியில் அது இளஞ்சூடாக இருந்தது. குமிழைக் கழற்றி மின்னை முற்றாக நிறுத்தியபின், ஓல்டனேற்றரின் தடித்த வயரைக் கழற்றி, அதன் நுனியை ரேப்பால் சுற்றினோம். மீண்டும் குமிழை இணைத்தபோது அது எரியவில்லை. உள்ளே இருக்கும் டயோட் பழுதாகி, மின்னைத் திரும்பிப் போக விட்டிருந்தது. கராஜில் டயோட் தட்டை மாற்றினார்கள். செலவு புதுப் பற்றரியின் விலையில் சிறு பங்கே.

கவனிக்க வேண்டியவை

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும், அருகில் பீடி, தீக்குச்சி ஆகாது. அமிலம் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குறையைத் திருத்தும் வரை, லொறி நிற்கும் நாட்களில் மைனஸ் வயரைக் கழற்றி வைத்தால் பற்றரி தப்பும்.

அன்று மாலை ஆறு குடும்பத்தவரும் சாரதியின் வீட்டுக்குப் போனார்கள். மூத்தவர் ஒருவர் திறப்பை நீட்டி, "தம்பி, பிழை எங்களிலதான்" என்றார். கூட்டாக வாங்கிய பொருள் பழுதானால் ஆளைத் தேடுமுன் குறையைத் தேடுவோம்.