வெப்ப நாட்டில் நாய் வளர்ப்பும் பயிற்சியும்

கோடைக்கால நண்பகலில் நாட்டின் எந்தச் சிற்றூரில் நுழைந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்து ஈரமண்ணைக் கால்களால் பறித்துக் குழியாக்கி, அதில் வயிறு படியப் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருக்கும் நாயே அக்காட்சி. அவ்வாறு செய்யுமாறு அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. அதே வேளையில், நகரத்து வீடொன்றின் மொட்டைமாடியில் கட்டப்பட்டிருக்கும் விலையுயர்ந்த நாய்க்குப் பறிப்பதற்கு மண்ணும் இல்லை. ஒதுங்குவதற்கு நிழலும் இல்லை. முன்னதற்குத் தன் இயல்பே துணை. பின்னதற்கோ வளர்ப்பவரின் அறிவு ஒன்றே துணை. நாய்க்குக் குட்டிப் பருவத்தில் அளிக்கும் பழக்கம், அன்றாடப் பராமரிப்பு, பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்தல் ஆகிய அனைத்திற்கும் இவ்வறிவே அடிப்படையாகும்.

வியர்வை சிந்தாத உடல்

மனிதனுடைய தோல் முழுவதிலும் வியர்வைச் சுரப்பிகள் பரவியுள்ளன. வெப்பம் மிகும்போது வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நாய்க்கு அத்தகைய சுரப்பிகள் பாதங்களின் அடித்திண்டுகளில் மட்டுமே உள்ளன. உடலைக் குளிர்விக்க அவை போதா. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி சென்டிகிரேடு. இதற்கு மேற்பட்ட வெப்பத்தை அது பெரும்பாலும் இரைப்பதனாலேயே வெளியேற்றுகிறது. இரைக்கும்போது மூக்கின் வழியாக உட்செல்லும் காற்று, ஈரமான உட்பரப்புகளின் மீது படர்ந்து, பெரிதும் வாய் வழியாக வெளியேறுகிறது.

இவ்வாறு விரைந்து மூச்சு விடுவதே மேலும் வெப்பத்தை உண்டாக்காதோ என்னும் ஐயம் எழக்கூடும். யூஜின் கிராஃபோர்டு என்னும் ஆராய்ச்சியாளர் 1962-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். நாய் நிமிடத்திற்குச் சுமார் 300 முறை இரைக்கிறது. இவ்வேகம் அதன் மார்புக்கூடும் நுரையீரலும் இயல்பாக அதிரும் வேகத்தோடு ஒத்துள்ளது. ஊஞ்சலை அதன் வீச்சறிந்து தள்ளினால் சிறு விசையே போதுமானதாக இருப்பதைப் போல, இரைக்கும் நாயும் குறைந்த உழைப்பில் மிகுந்த காற்றை இயக்குகிறது.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் தடைப்படும். ஆதலால் கடற்கரை நகரங்களிலும், மழைக்காலத்துப் புழுக்கத்திலும், வெப்பமானி காட்டும் அளவு குறைவாக இருப்பினும் நாய்க்கு நேரும் இடர் குறைவன்று. பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குக் காற்றுவழி குறுகியிருப்பதால் இவ்விடர் மேலும் மிகுதியாகும்.

ஏற்ற இனம், ஏற்ற வயது

பனி நாட்டில் தோன்றிய அடர்ந்த மயிருடைய நாயை வாங்கிச் சமவெளி வெயிலில் வைத்திருப்பது அதற்குத் துன்பமும் வளர்ப்பவருக்குச் செலவும் தருவதாகும். இந்நாட்டு வெயிலிலேயே பல தலைமுறைகளாக வளர்ந்த இனங்கள் பல உண்டு. தமிழ்நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும், கர்நாடகத்து முதோல் வேட்டைநாயும் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவள நிறுவனத்தால் 2020-ஆம் ஆண்டில் தனி இனங்களாகப் பதிவு செய்யப்பெற்றன. இவை குட்டை மயிரும் மெலிந்த உடலும் கொண்டவை. பெயர்பெற்ற இனமாக இல்லாத தெரு நாய்க்குட்டியும் நற்பராமரிப்பு கிடைத்தால் சிறந்த வீட்டுநாயாக விளங்கும்.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரம் நிறைவதற்கு முன்பு பிரித்தல் கூடாது. அதே வேளையில், மிகத் தாமதித்தலும் தீங்கே. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் நடைபெற்று 1961-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், உயர்ந்த வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றிக் குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் அவை மனிதரோடு பழக விடப்பட்டன. பதினான்கு வாரம் வரை மனிதரை அறியாதிருந்த குட்டிகள் பின்னர் காட்டு விலங்குகளைப் போல் அஞ்சி விலகின. ஆகவே மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலமே குட்டியின் முதற் பள்ளிக்கூடம் எனலாம். குழந்தைகள், முதியோர், குடை பிடித்தவர், மிதிவண்டி, இடியோசை, மாடு ஆகிய அனைத்தையும் அது அச்சமின்றிக் கண்டு பழகுதல் வேண்டும்.

பார்வோ போன்ற கொடிய தொற்றுநோய்கள் தாக்கும் காலமும் இதுவே. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி இடுதல் வேண்டும். அது முடியும் வரை பிற நாய்கள் மலங்கழிக்கும் இடங்களில் குட்டியை இறக்கிவிடாமல், கையில் ஏந்தியபடி உலகைக் காட்டுவதே இரு தேவைகளையும் நிறைவேற்றும் வழியாகும்.

அன்றாடப் பராமரிப்பு

நிழல், காற்றோட்டம், எந்நேரமும் தூய நீர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. காலையில் நிழலாக இருக்கும் இடம் பிற்பகலில் வெயிலாகிவிடும் என்பதைக் கருத்திற் கொண்டு நாயின் இருப்பிடத்தை அமைத்தல் வேண்டும். நடை கதிரவன் எழுமுன்பும், தரை ஆறிய பின்புமே நிகழ வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் சில வினாடிகள் வைத்துப் பொறுக்க இயலாவிடின், நாயின் பாதத்திற்கும் அச்சாலை ஏற்றதன்று. நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டிக்குள் நாயைச் சிறிது நேரமும் விட்டுச் செல்லலாகாது.

இரைப்பு ஓயாது, எச்சில் தடித்து, நடை தள்ளாடி, நாய் விழுமாயின் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கிடைக்கும் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறுதல் வேண்டும். உணர்விழந்த நாயின் வாயில் நீரைப் புகட்டலாகாது. குளிர்வித்தலைத் தொடங்கிய பின்பே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வண்டி தேடுவதில் நேரம் போக்கினால் உயிர் போகும்.

வெப்ப நாட்டின் மற்றொரு பகை உண்ணி. 1910-ஆம் ஆண்டில் பேட்டன் என்னும் அறிஞர், சென்னை வேட்டைக் குழுவினரின் நாய்களின் இரத்தத்தில் ஒரு புதிய ஒட்டுண்ணியைக் கண்டு, பின்னர் அதனையே நரியின் இரத்தத்திலும் கண்டார். இன்று பபீசியா கிப்சோனி என வழங்கும் அது இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பது, உண்ணிகளால் பரவுவது. எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரும் பழுப்பு நாயுண்ணியால் பரவுகிறது. 1960-களின் பிற்பகுதியில் வியத்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் படைநாய்கள் பல அந்நோயால் மாண்டன. இவ்வுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேலன்று, சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலும் கழிக்கிறது. எனவே நாய்க்கு மருந்திடுவதுடன் நிற்காமல், அது படுக்கும் இடத்தின் பிளவுகளைப் பூசி அடைத்தலும் வேண்டும். மாட்டுக்குப் பயன்படுத்தும் உண்ணி மருந்தைத் தாமாகவே அளவிட்டு நாய்க்கு இடுவது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

கற்பித்தலின் விதி

மணியோசையோ பிற அடையாளமோ உணவோடு இணைந்தால், அவ்வடையாளமே எச்சிலூறச் செய்யும் என்பதை ரஷிய அறிஞர் பாவ்லோவ் காட்டினார். நற்பயன் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதைத் தார்ன்டைக் நிறுவினார். நாய்ப் பயிற்சி முழுவதும் இவ்விரு உண்மைகளின் மேல் நிற்பது.

உட்காரக் கற்பிக்கும் முறையை எடுத்துக்காட்டாகக் கூறலாம். சிறு தீனித் துண்டொன்றை நாயின் மூக்கிற்கு மேலே பிடித்து மெல்லப் பின்னோக்கி நகர்த்தினால், தலை உயரவும் பின்புறம் தாழவும் நாய் தானாகவே அமரும். அமர்ந்த அக்கணமே தீனியைக் கொடுத்தல் வேண்டும்; சில வினாடி தாமதித்தாலும் எதற்காகப் பரிசு கிடைத்தது என்பதை நாய் உணராது. செயல் படிந்த பிறகு சொல்லைச் சேர்க்கலாம். வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே சொல்லையே வழங்க வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும்.

பாடத்திற்கு உரிய நேரம் விடியலும் மாலையுமே. இரைக்கும் நாயால் செவ்வையாக மோப்பம் பிடிக்க இயலாது. வெடிமருந்தைத் தேடும் நாய்களின் திறன் இரைப்பு மிகுந்தபோது குறைவதை 2003-ஆம் ஆண்டில் வெளியான இஸ்ரேலிய ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. வெயிலில் நிற்கும் நாய் கட்டளைக்குப் பணியாதிருப்பது பெரும்பாலும் பிடிவாதமன்று, களைப்பேயாகும்.

அடித்துக் கற்பிப்பதைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. போர்ச்சுகல் நாட்டில் 92 வீட்டு நாய்களைக் கொண்டு நடத்தி 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தண்டனை முறையில் பயின்ற நாய்களிடம் பரிசு முறையில் பயின்றவற்றைவிட அச்சக்குறிகளும், எச்சிலில் மனவுளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரும் மிகுதியாகக் காணப்பட்டன. அச்சுறுத்தி உறுமலை அடக்கப்பெற்ற நாய், பின்னர் உறுமாமலே கடிக்கக்கூடும். வீட்டில் குழந்தை இருப்பின் இதனால் விளையும் கேட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்தல்

பெயர்ப்பலகை ஒன்றே தகுதிக்குச் சான்றாகாது. முதலில் அணுகத்தக்கவர் கால்நடை மருத்துவரே. தம்மிடம் வரும் நாய்களுள் யாரிடம் பயின்றவை அச்சமின்றி மேசைமீது நிற்கின்றன என்பதை அவர் அறிவார். மீரட்டில் உள்ள இராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையமும், குவாலியரை அடுத்த தேக்கன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையமும் நாடறிந்தவை. இத்தகைய இடங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவரிடம் ஒழுங்கும் அனுபவமும் எதிர்பார்க்கலாம். ஆயினும் காவல் நாயின் கல்வி வேறு, குழந்தைகளுள்ள வீட்டு நாயின் கல்வி வேறு என்பதை அவரும் உணர்ந்திருத்தல் வேண்டும்.

ஒப்படைக்குமுன் அவர் நடத்தும் பாடம் ஒன்றை நேரிற் காண்பது நலம். நாய் அவரைக் கண்டு வாலாட்டி நெருங்குகிறதா, வாலை ஒடுக்கிக் காதைப் பின்னிழுக்கிறதா என்பதே முதற் சோதனை. பாடம் எந்நேரத்தில் நடைபெறுகிறது, அருகில் நீரும் நிழலும் உண்டா, தவறு செய்யும் நாயை அவர் என்ன செய்கிறார் என்பவற்றைக் கவனிக்க வேண்டும். கழுத்தை நெரிக்கும் சங்கிலி, முட்பட்டை, மின்னதிர்ச்சி தரும் பட்டை ஆகியவற்றை நம்பியிருப்பவரைத் தவிர்க்கலாம். நாயைச் சில வாரங்கள் தம்மிடம் விட்டுச் செல்லுமாறும், பார்க்க வரவேண்டாம் என்றும் கூறுபவரிடம் ஒப்படைப்பது தகாது. நல்ல பயிற்றுநர் நாயைவிட அதன் உடையவருக்கே மிகுதியாகக் கற்பிப்பார். ஏனெனில் நாய் வாழப்போவது உடையவரோடுதான்.

அறிவுடைய பயிற்றுநர் முதலில் நோயையும் குறையையும் ஐயுறுவார். வெண்ணிற நாய்களுள் சில பிறவிச் செவிடாக இருத்தல் உண்டு. டால்மேஷன் இனத்தில் இது நன்கறியப்பட்டது. இராஜபாளையம் நாய்களிலும் காணப்படுகிறது. சொல்லுக்குப் பணியாத வெள்ளைக் குட்டியை அடிப்பதற்கு முன், அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் வேண்டும். செவிடான நாயும் கைச்சாடையால் நன்கு பயிலும்.

பயிற்றுநர் கிடைக்காத ஊரிலும் மேற்கூறிய ஐந்து நிமிடப் பாடம் எவர்க்கும் இயலும். இயலாதது சங்கிலியில் கட்டி மறந்துவிட்ட நாயை நல்ல நாயாக்குவதே. வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாயை உலாவச் செய்யாது விடுதல், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

ஊருக்குரிய கடமை

நாய் வளர்ப்பவரின் முதற் கடமை வெறிநோய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் இடப்பெறுகின்றன. 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனை இந்நோயினின்று காத்தார். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது என்னும் நிலை அன்றும் இன்றும் ஒன்றே. நாய்களால் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. வீட்டு நாய்தானே என்று வாளாவிருத்தலும் கூடாது. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்கலாகாது என்பதையும், அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல் அசைவற்று நிற்க வேண்டும் என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். கடிபட்ட குழந்தை அடிக்கு அஞ்சி அதனை வீட்டில் மறைத்துவிடுவது உண்டு. கூறினால் தண்டனை இல்லை என்னும் உறுதியை வகுப்பறையிலேயே அளித்துவிட்டால், அதுவே ஓர் உயிரைக் காக்கும். களப்பணியாளர்கள் தடுப்பூசி முகாமின் நாளை முன்னரே வீடுதோறும் அறிவித்து, நாயைப் பட்டையும் கயிறும் இட்டு அழைத்துவர உடையவர்களைப் பழக்கலாம். குட்டிப் பருவத்தில் அன்புடன் பயின்ற நாய் அந்நாளில் ஊசிக்கு அமைதியாக நிற்கும். பயிற்சியின் பயன் ஊர் முழுமைக்கும் கிட்டுவது அப்போதுதான்.