மூன்று பருவத்து வெயிலறை

தமிழகத்துப் பழைய வீடு வெயிலைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. தாழ இறங்கிய இறவாணம், நிழல் விழும் திண்ணை, தடித்த மண்சுவர், காற்றுக்கு மட்டும் வழிவிடும் சிறு சாளரம் ஆகிய யாவும் கதிரவனை வாசலோடு நிறுத்தும் ஏற்பாடுகள். முற்றம் ஒன்றே விலக்கு. அத்தகைய வீடுகளின் நினைவோடு நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் நகருக்குக் குடிவந்தோர், சில குளிர்காலங்களைக் கழித்தபின், வீட்டின் பின்புறத்தில் கண்ணாடியால் ஓர் அறை எழுப்பி அதே கதிரவனை உள்ளே அழைக்கிறார்கள்.

இதன் காரணத்தை வானியலில் தேட வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே உள்ளது. அங்கே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நடுப்பகற் கதிரவன் தலைக்கு நேர்மேலே நிற்கும்; டிசம்பரிலும் அதன் உச்சி உயரம் 53 பாகைக்குக் குறைவதில்லை. எடிசனோ 40.5 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று இங்கே கதிரவன் 73 பாகை உயரம் ஏறும்; டிசம்பர் 21 அன்று 26 பாகையோடு நின்றுவிடும். அந்த நாளில் பகல் ஒன்பதே கால் மணி நேரம், எஞ்சியதெல்லாம் இரவு.

ஊரார் இவ்வறையைச் ‘சன்ரூம்’ என்பர். அமெரிக்கக் கட்டட விதிநூல் இதற்கு ஒரு வரையறை தருகிறது: வீட்டோடு ஒட்டிய ஒற்றைத் தள அமைப்பாக இருக்க வேண்டும், புறச்சுவர், கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் கண்ணாடியாக இருக்க வேண்டும். விற்போர் இதனை இருவகையாகப் பிரிக்கின்றனர். மூன்று பருவத்து அறைக்கு வெப்பமூட்டி இல்லை; ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை அது பயன்படும். நான்கு பருவத்து அறை வீட்டின் வெப்ப ஏற்பாட்டோடு இணைந்தது. விலையும் அதற்கேற்ப உயரும். எடிசனின் தட்பவெப்பம் அத்துணைக் கொடியதன்று. ஜனவரியின் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. ஜூலையில் அது 24 செல்சியசை எட்டும். இத்தகைய இடத்தில் நான்காம் பருவத்தை விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து. காரணங்களை இயற்பியல் சொல்லட்டும்.

கண்ணாடி அறை வெம்மையை எவ்வாறு சேர்க்கிறது? பள்ளிப் பாடம் இப்படிக் கூறும்: கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 செல்சியசு வெப்பமுடையது, ஆதலால் அதன் ஒளி குறுகிய அலைநீளத்தில் வருகிறது, கண்ணாடி அதற்கு வழிவிடுகிறது. அறையின் தரையும் இருக்கைகளும் சூடேறி உமிழும் அகச்சிவப்புக் கதிரோ மைக்ரோமீட்டர் கணக்கில் பத்தை ஒட்டிய நீண்ட அலை; அதனைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. இதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் இது முழுக்கதை அன்று.

1767-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராசு பெனடிக்ட் டி சொசூர் என்னும் அறிஞர், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளை வெயிலில் வைத்து வெப்பநிலை அளந்தார். பிற்பாடு செம்மைப்படுத்திய பெட்டியில் வெம்மை கொதிநீரின் அளவையும் கடந்தது. சொசூர் இதை அளந்தார். விளக்கம் நெடுநாள் கழித்தே வந்தது. 1909-இல் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்து ராபர்ட் உட், கருநிற அட்டைப் பெட்டிகள் இரண்டு செய்தார். ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை இந்துப்பின் தகட்டாலும் மூடினார். இந்துப்பு அகச்சிவப்புக் கதிருக்கு வழிவிடும் பொருள். கதிர்ச் சிறைதான் வெம்மைக்குக் காரணம் என்றால் உப்புப் பெட்டி குளிர்ந்து கிடந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ 55 செல்சியசை எட்டின. வேறுபாடு ஒரு பாகை அளவுக்கே இருந்தது. உட்டின் எளிய சோதனையின் நுணுக்கங்களைப் பற்றிப் பின்னாளில் வாதங்கள் எழுந்தன. எனினும் அதன் சாரம் நிலைத்தது: கண்ணாடி அறை பெரும்பாலும் காற்றைச் சிறைபிடிப்பதால்தான் சூடாகிறது. வெயிலில் சூடேறிய தரை தன்மேல் படியும் காற்றைச் சூடாக்கும்; திறந்த வெளியில் அக்காற்று மேலெழுந்து போய்விடும்; அறைக்குள் அதற்குப் போக்கிடமில்லை.

கட்டுவோர் இதை மறவாதிருக்க வேண்டும். சிறைபட்டது காற்றாயின், அதை விடுவிக்கும் வழி மேலே இருக்க வேண்டும். கீழே தாழ்ந்த சாளரம் ஒன்றும் கூரையை ஒட்டிய திறப்பு ஒன்றும் இருந்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும், மின்விசிறியும் வேண்டா. மார்ச்சு மாதத்துத் தெளிந்த நடுப்பகலில் வெளியே 8 செல்சியசு இருக்கையில் உள்ளே 20-ஐத் தாண்டுவது இயல்பு. ஜூனில் மேல்திறப்பு இல்லாத அறை அடுப்படியாகிவிடும்.

அடுத்துக் கோணம். விற்பனைக் கூடங்களில் கண்ணாடிக் கூரை கொண்ட அறைதான் கண்ணைப் பறிக்கிறது. எடிசனில் அது தலைகீழ்க் கணக்கு. ஜூன் நடுப்பகலின் நேர்க்கதிரில் 96 விழுக்காடு கிடைநிலைக் கூரைமேல் விழும். தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரின்மேல் 29 விழுக்காடே விழும். டிசம்பரில் கூரைக்கு 44, சுவருக்கு 90. வெம்மை வேண்டாத காலத்தில் கூரை அள்ளிக் குவிக்கிறது. வேண்டிய காலத்தில் கைவிரிக்கிறது. தெற்குச் சுவரோ பருவமறிந்து நடக்கிறது. ஆதலால் கூரையை வெப்பத்தடுப்பு நிரப்பிய மூடிய கூரையாக அமைத்து, அதன் விளிம்பை 2 அடி வெளியே நீட்டிவிடுவதே நன்று. அந்த 2 அடி இறவாணம் ஜூன் நடுப்பகலில் சுவர்மேல் ஆறரை அடி நிழல் தரும். டிசம்பரில் ஓர் அடிதான் தரும். குளிர்கால வெயில் அதன் அடியில் நுழைந்து தரையில் நெடுந்தொலைவு படரும்.

எல்லா வீட்டுக்கும் தெற்குப் பின்புறம் வாய்ப்பதில்லை. தெரு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமே கொல்லை. கிழக்கு நோக்கிய அறை காலைக் காப்பிக்கு இனியது. மேற்கு நோக்கியதுதான் இடர். ஜூலை மாலையில் கதிரவன் தாழ்ந்து நேராகக் கண்ணாடியில் மோதும். இறவாணம் அங்கே உதவாது. வெளியே தொங்கவிட்ட மூங்கில் தட்டியோ, இலையுதிர்க்கும் மேப்பிள் மரமோ உதவும். மேப்பிள் கோடையில் நிழல் தந்து குளிரில் இலைகளைக் களைந்துவிடுவது கட்டடக் கலைஞர் கட்டணமின்றிப் பெறும் சேவை.

இனி இரவு. வெயிலறையின் மதிப்பைப் பகலை வைத்து அளப்பவர் ஏமாறுவர். 200 சதுர அடிக் கண்ணாடிப் பரப்பு, உள்ளே 20 செல்சியசு, வெளியே 0 என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி வழியே கசியும் வெப்பம் ஏறத்தாழ 2,000 வாட். இரட்டைக் கண்ணாடியாயின் 1,000. உட்புறத்தில் வெள்ளி பூசி, இடைவெளியில் ஆர்கான் வளி நிரப்பிய கண்ணாடியாயின் 600. அந்த வெள்ளிப் பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஒளியை உள்ளே விட்டு வெப்பக் கதிரைத் திருப்பியனுப்ப அதுவே போதும். ஆனால் அதே பரப்பில் வெப்பத்தடுப்பு அடைத்த சாதாரண மரச்சட்டச் சுவர் இருந்தால் கசிவு 160 வாட் மட்டுமே. உயர்ந்த கண்ணாடியும் எளிய சுவருக்கு மூன்றே முக்கால் மடங்கு தோற்கிறது. டிசம்பர் இரவு பதினான்கு மணி நேரத்துக்கும் மேல் நீள்வதை இதனோடு பெருக்கிப் பார்த்தால், நான்காம் பருவத்தின் கட்டணம் விளங்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிக்கச் சாளரங்களில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் முதன்மையானவை: ஒன்று வெப்பக் கசிவைக் குறிக்கும், மற்றது உள்ளே வரும் வெயில் வெம்மையின் பங்கைக் குறிக்கும். குளிரூட்டிச் செலவைக் குறைக்கக் கருதிய கண்ணாடிகள் இரண்டாம் எண்ணையும் தாழ்த்திவிடுகின்றன. தெற்கு நோக்கிய அறைக்கு அதை வாங்கினால், வெயிலுக்காகக் கட்டிய அறைக்கு வெயில் வராது. கசிவெண் தாழ்வாகவும் வெயிலெண் உயர்வாகவும் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். மேற்கு அறைக்கு இரண்டும் தாழ்வாகவே இருக்கட்டும்.

எடிசனுக்குத் தென்மேற்கே பிரின்சுடனில், எரிபொருள் நெருக்கடிக் காலமான 1975-இல், டக்ளசு கெல்பா என்னும் கட்டடக் கலைஞர் தமக்கென ஒரு வீடு கட்டினார். இரண்டு தள உயரமுள்ள கற்காரைச் சுவரைத் தெற்கு முகமாக நிறுத்தி, அதன்முன் கண்ணாடி அமைத்தார். அருகே ஒரு கண்ணாடிச் செடியறையும் ஒட்டவைத்தார். பகல் வெயிலை அத்தடித்த சுவர் விழுங்கி, மெல்ல மெல்ல இரவில் அறைகளுக்குத் தந்தது. இதனை முன்னரே பிரான்சில் பெலிக்சு துரோம்பு ஆய்ந்திருந்தார். வெயில் வெம்மையைச் சேர்த்துவைக்கக் கனமான பொருள் வேண்டும் என்பது இதிற் பெறப்படும் பாடம். நம் வெயிலறைகளோ பெரும்பாலும் மரப்பலகைத் தரைமேல் நிற்பவை. அவற்றில் வெம்மை தங்க இடமில்லை. மாலை நான்கரை மணிக்குக் கதிரவன் மறைந்தால் சற்றைக்கெல்லாம் அறை வெளியைப் போலாகிவிடும்.

ஆகவே வீட்டுக்கும் வெயிலறைக்கும் இடையிலுள்ள சுவரும் கதவும்தான் இவ்வமைப்பின் உயிர்நிலை. ‘இடம் அகலமாகத் தெரியட்டும்’ என்று அச்சுவரை இடித்துத் திறந்துவிடுவோர், வீட்டின் பக்கத்தில் பெருந்துளை இட்டவர் ஆவர். விதிநூலும் தனித்துப் பிரிக்கப்பட்ட வெயிலறைக்குச் சலுகை தருவதன் காரணம் இதுவே.

அக்கதவைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. எடிசன் வீடுகள் பலவற்றில் பின்கதவு சமையலறையிலிருந்தே திறக்கிறது. இட்டலிக் கொப்பரையின் ஆவியும் சோறு வடித்த கஞ்சியின் ஆவியும் அங்கேதான் எழும். 20 செல்சியசில் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று 9 செல்சியசில் பனித்துவிடும். வெளியே 0 ஆகவும் உள்ளே 20 ஆகவும் இருந்தால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 5 செல்சியசை ஒட்டி நிற்கும். இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 12-க்கு மேல் நிற்கும். எனவே முதலாவது வியர்க்கும், இரண்டாவது வியர்க்காது. வெப்பமூட்டாத அறைக்குள் சமையலாவி புகுந்தாலோ இரண்டுமே நீர் வடிக்கும்; சட்டத்தின் மூலையில் கரும்பூஞ்சணம் பற்றும். சமைக்கையில் கதவு மூடியிருக்கட்டும்.

மண்ணுக்கு வருவோம், பலர் இதை எண்ணுவதில்லை. எடிசனுக்கு அருகிலுள்ள உட்பிரிட்சும் பெர்த் அம்பாயும் ஒருகாலத்தில் செங்கல்லுக்கும் சுடுமண் அணிகளுக்கும் பெயர்பெற்றவை. அத்தொழிலை வளர்த்தவை இப்பகுதியின் களிமண் படுகைகள். நுண்துகள் மண்ணுக்குக் குளிர்காலத்தில் ஒரு தீக்குணம் உண்டு: அது தன்மேல் நிற்பதைத் தூக்கும். நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு விரிவதால்தான் இது நிகழ்கிறது என்று நெடுநாள் நம்பினர். தென் கரோலினாவின் நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மண்ணில் நீருக்குப் பதில் பென்சீனை ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும்; ஆயினும் மண் மேலெழுந்தது! உறையும் விளிம்பு கீழிருந்து நீர்மத்தை இடையறாது உறிஞ்சி, வில்லை வில்லையாகப் பனியடுக்கு வளர்ப்பதே உண்மைக் காரணம் என்று காட்டினார். இந்த அழகிய சோதனையை அறிந்தவர், உறைநிலை எட்டாத ஆழத்துக்கு, இப்பகுதியில் ஏறத்தாழ 3 அடிக்கு, அடித்தூண் இறக்கத் தயங்கமாட்டார். நடப்பதற்கென அமைத்த பழைய மர ‘டெக்’மேல் அப்படியே கண்ணாடியும் கூரையும் ஏற்றித் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரரை, அதன் தூண்கள் இச்சுமையையும் பனிச்சுமையையும் தாங்குமா என்று கேட்க வேண்டும். மழுப்பினால் வேறு ஆளைத் தேடுவது நலம். நகராட்சியின் கட்டட அனுமதி பெறும் வழக்கம் இக்கேள்விகளைக் கேட்கவைப்பதற்காகவே உள்ளது.

இத்தனைக்கும் பின் வெப்பமூட்டாத அறை குளிர்காலத்தில் முற்றிலும் பயனற்றதன்று. கறிவேப்பிலைத் தொட்டிகளை அக்டோபர் தொடக்கத்தில் கொல்லையிலிருந்து அங்கே கொணரலாம். உறைபனி தொடங்கும் நாளில் வீட்டினுள் மாற்றலாம். ஏப்ரலில் அதே வழியில் திரும்பினால் இளந்தளிர் வெயிலுக்குப் படிப்படியாகப் பழகும். ஜனவரியின் தெளிந்த நாளிலும் நண்பகல் தொட்டு இரண்டு மூன்று மணி நேரம் அறை வீட்டைவிடச் சூடாகும். அப்போது இடைக்கதவைத் திறந்தால் வெம்மை வீட்டுக்குள் வரும். வெயில் சாய்ந்ததும் மூடிவிட வேண்டும். முதலாண்டில் மீச்சிறு, மீப்பெரு அளவுகளைக் காட்டும் வெப்பமானி ஒன்றை அவ்வறையில் தொங்கவிட்டு, ஒரு குளிர்காலம் முழுவதும் குறித்து வையுங்கள். வெப்பமூட்டி வாங்குவதா என்ற பேச்சை அந்தக் கணக்கு கையில் வந்தபின் எடுக்கலாம்.